இன்னும் ஒரு நாள் வேலை

அங்க எதுக்கு தம்பி நுழையறீங்க, அந்தக் கதவு தொறக்காது. காம்பவுண்டு செவுத்துக்கும் இந்த இரும்பு டப்பாவுக்கும் நடுவுல ஒரு முழம் இடம்தான் இருக்கு, ஒல்லியா இருக்கறதால போயிட்டீங்க. திரும்பி வர்றப்ப சட்டையைப் பாத்துக்குங்க, துரு. பூட்டெல்லாம் ஒண்ணுமில்ல. கதவு வெளிப்பக்கமா தொறக்கணும், அதுக்கு செவுரு கொஞ்சம் ஒதுங்கி வழி விடணும். அது விடாது. இப்படி வாங்க, இந்தப் பக்கம் தகரத்தை வெட்டி வேற வாசல் வெச்சிருக்கோம். குனிஞ்சு வாங்க. இன்னும் குனிங்க. ஐயோ, பட்டுடுச்சா? எல்லாருக்கும் படும். போன வெல்டர் வாசலை ஒரு சாண் குட்டையா வெட்டிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அளவு சொன்னது நான்.

சார், எங்க வீட்டுக்காரர்தான், கடைக்குப் போயிருக்காரு. கூரைத் தகரத்துக்கு போல்ட்டு வாங்கணும்னு போனாரு, வந்துடுவாரு. நீங்க பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார் சொல்லித்தானே வந்தீங்க? தெரியும். காலையிலேயே வந்து சொல்லிட்டுப் போனாரு, ஒரு ஆளை அனுப்பறேன், ரொம்ப சுறுசுறுப்பு, எடுத்த வேலையை முடிக்காம எழுந்திருக்க மாட்டாருன்னு. பாவம், அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பாரு. அவர் வீட்டுல பசங்க பாட ஆரம்பிக்கறப்பதான் இங்க கட்டிங் மிஷின் ஓடும். இப்ப பசங்க அந்த மிஷின் சுருதியிலேயே பாடுதுங்கன்னு ஒரே புலம்பல். அதான் தேடிப் புடிச்சு உங்களை அனுப்பியிருக்காரு. நல்ல மனுஷன். எங்களுக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல. இல்லல்ல, ஒண்ணுமில்ல, நீங்க சுத்திப் பாருங்க.

டப்பான்னு அவர் இல்லாதப்பதான் சொல்ல முடியும். இருந்தாருன்னா கன்டெய்னர்னு சொல்லுன்னு திருத்துவாரு. ரெண்டும் கப்பல்ல ஊர் ஊரா சுத்தி ஓஞ்சுபோன டப்பா. துறைமுகத்து யார்டுல இதுங்களை அடுக்க வைக்கற சூப்பர்வைசர் வேலை அவருக்கு. வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ரிட்டையர் ஆகற வரைக்கும் அதே வேலை. அங்க அவர் நிஜப்பேரு பாதிப் பேருக்குத் தெரியாது, ரசமட்டம்னாதான் தெரியும். குமிழி ஓடற அந்த மட்டம் வெளியில யாருக்கும் தேவையில்ல, இவர் கண்ணுக்குள்ளயே இருக்கும்பாங்க. மேல அடுக்குல ஒரு பெட்டி விரக்கடை சாஞ்சிருந்தாக்கூட கீழ நின்னே சொல்லிடுவாரு. எங்க கல்யாண போட்டோவை மாட்டறதுக்குள்ள ஆணி அடிக்க வந்தவனை ஏணியில ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, அவன் கூலியே வேண்டாம்னு ஓடிட்டான்.

பையிலேருந்து என்ன எடுக்கறீங்க, ரசமட்டமா? தரையில வெச்சே பாத்துடப் போறீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. குமிழி நடுவுல நிக்குதா? நிக்கும். அந்த டப்பாவுலயும் வெச்சுப் பாருங்க, அங்கயும் அசையாது. ரெண்டையும் இறக்கின அன்னிக்கே அடியில கட்டை குடுத்து மட்டம் பண்ணிட்டுத்தான் தண்ணியே குடிச்சாரு. கதவு செவுத்தைப் பாத்து நின்னாலும் மட்டமா நிக்கணும் அவருக்கு.

கதவா? அது என் கைங்கரியம். கிரேன் வந்த அன்னிக்கு வண்டி முன்னாடித் தெருவுல நிக்குது, பெட்டி மொட்டை மாடிக்கு மேல ஆடிக்கிட்டு வருது. கரண்ட் கம்பியில பட்டுடப் போகுதுன்னு இவர் தெருவுல நின்னாரு. பின்னாடி நான். நீ கையைக் காட்டு போதும், மீதியை கிரேன்காரர் பாத்துப்பாருன்னாரு. நானும் காட்டினேன். பெட்டியைத் திருப்புங்கன்னு ஒரு விரலைக் கீழ காட்டி சுத்தினேன். அவங்க பாஷையில அது இறக்குன்னு அர்த்தமாம், எனக்கென்ன கனவா? இறக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் இவர் பின்னாடி வந்து பாத்தாரு. கத்துவாருன்னு நினைச்சேன். கத்தல. சரி, வேற வாசல் வெட்டிக்கலாம்னு பேப்பரும் பென்சிலுமா உட்கார்ந்துட்டாரு. மாசக்கணக்கா அந்த ஒரு வாசலுக்குப் படம் போட்டாரு தம்பி. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வெச்சுட்டுப் போட்டாரு. அந்த நாளெல்லாம் படுத்ததும் தூங்கிடுவாரு. அதை நான் மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

எதுக்கு இத்தனையும்னா கேக்கறீங்க? வாத்தியார் சொல்லலையா? மண்பாண்டம் செய்யற பட்டறை, எங்க பொண்ணுக்கு. ஒரே பொண்ணு, வெளியூர்ல வேலையா இருக்கா. இந்த டப்பாவுல சக்கரம், அந்த டப்பாவுல கரண்ட் சூளை, ரெண்டுக்கும் நடுவுல கூரை போட்டு பானையைக் காய வைக்கற இடம். அவளுக்கு இது எதுவுமே தெரியாது. எல்லாம் முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவாராம், அதுவரைக்கும் நான் மூச்சு விடக்கூடாது. போட்டோவைப் பாத்ததும் அவ கிளம்பி வந்துடுவாளாம். கைநிறைய சம்பளத்தை விட்டுட்டா வருவான்னு கேட்டேன். லீவுல வரட்டும், வந்து இதைப் பாத்தா திரும்பிப் போக மனசு வருமான்னாரு. தன் மனசை வெச்சே அடுத்தவங்க மனசையும் அளப்பாரு, ரசமட்டத்துக்கு அதுல மட்டும் குமிழி ஓடாது.

பாசக்கார அப்பான்னு நினைக்கறீங்க. ம்ம், நினைச்சுக்குங்க. அவ காலேஜ் படிக்கறப்ப எங்கேயோ போய் இந்த மண்ணு வேலையைக் கத்துக்கிட்டா. பைத்தியமாவே ஆயிட்டா. பாத்ரூம்ல மண்ணு, பால்கனியில மண்ணு, என் குக்கர் மூடியில மண்ணு. கடைசியில பைப் அடைச்சுக்கிச்சு. பிளம்பர் வந்து உள்ளேருந்து உருண்டை உருண்டையா எடுத்து கூடத்துல வைக்கறாரு, அந்த நேரம் பாத்து இவரோட பெரிய ஆபீசர் குடும்பத்தோட வந்து நிக்கறாரு. இவருக்கு மானமே போயிடுச்சு. மண்ணு பிசையறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டுட்டாரு. கேட்டதோட விட்டாரா? அவ ஈரத்துணி போட்டு மூடி வெச்சிருந்த மண்ணு வாளியைத் தூக்கிட்டுப் போய் தெருவுல கொட்டிட்டாரு. அவ அழல. தொடப்பத்தை எடுத்துட்டுப் போய் தெருவைக் கூட்டிட்டு உள்ள வந்தா. அதோட வீட்டுக்குள்ள மண்ணு வரல. வேலை கிடைச்சுப் போன ஊர்ல சொந்தமா ஒரு சக்கரம் வாங்கி வெச்சுக்கிட்டா, அதையும் எங்கிட்ட மட்டும்தான் சொன்னா.

பேச்சு வார்த்தை இல்லாம இல்ல. வாரா வாரம் போன் பண்ணுவா, இவரும் பேசுவாரு. அங்க மழையா? ஆமாப்பா. சாப்பிட்டியா? சாப்பிட்டேன். இரு, அம்மாகிட்ட குடுக்கறேன். அவ்வளவுதான், வானிலை அறிக்கை மாதிரி.

ரிட்டையர் ஆனதும் மனுஷன் சோபாவுல உட்கார்ந்தாரு. உட்கார்ந்தாருன்னா உட்கார்ந்தாரு. டிவி அது பாட்டுக்கு ஓடும், இவர் பாக்க மாட்டாரு. ஒரு நாள் பல்லி ஓடி அந்தக் கல்யாண போட்டோ ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு. நானும் வேணும்னே அப்படியே விட்டேன், எப்ப சொல்றாருன்னு பாக்கலாம்னு. அதுக்கு நேரே உட்கார்ந்திருக்காரு, ஒரு வார்த்தை சொல்லல. நாள் போகுது, போட்டோ சாஞ்சே இருக்கு. நான் ராத்திரி எழுந்து அவருக்கு மூச்சு வருதான்னு பாக்க ஆரம்பிச்சேன். அப்புறம் யார்டுல பழைய பெட்டியெல்லாம் வந்த விலைக்குத் தள்ளி விடறாங்கன்னு யாரோ சொல்லி, எழுந்து போயிட்டு வந்தாரு. வந்ததும் சொன்னாரு, அவளுக்கு ஒரு பட்டறை கட்டித் தரப்போறேன்னு. அன்னிக்கு சாயங்காலமே போட்டோவை நேரா வெச்சாரு. எனக்கு அது போதும், ரெண்டு டப்பா என்ன, கப்பலையே கொண்டு வந்து நிறுத்தட்டும்னு விட்டுட்டேன்.

இதான் சக்கரம். தொட்டுப் பாருங்க, பரவாயில்ல. அந்த மூலையில இருக்கே, அது இவர் செஞ்ச கிண்ணம். கிண்ணம்தான். சக்கரம் ஓடுதான்னு பாக்கறதுக்காக செஞ்சேன்னாரு. தண்ணி ஊத்தினா மூணு பக்கமும் ஒழுகும், அதனால பென்சில் போட்டு வெச்சிருக்காரு. இந்தத் தொட்டியில இருக்கறது மண்ணு. ஈரம் போச்சுன்னா கல்லாயிடுமாம், அதனால விடிஞ்சதும் வந்து தண்ணி தெளிச்சு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பிசைவாரு. அவ வர்றப்ப பதமா இருக்கணுமாம். அவ எப்ப வர்றது, இவர் எப்ப நிறுத்தறது? மண்ணு பிசையறதுக்கா படிக்க வெச்சேன்னு கேட்ட அதே மனுஷன்தான். முழங்கை வரைக்கும் மண்ணோட காபி கேட்டு வந்து நிப்பாரு. என் வாய் சும்மா இருக்குமா, நல்ல படிச்ச குடும்பம்தான்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன். சிரிச்சுக்குவாரு.

அந்த ஒட்டு வேலையா? அது பழைய சன்னல். முதல்ல அங்க வெட்டினோம். வெயில் நேரா மண்ணு மேல விழுமே, காஞ்சு வெடிச்சுடாதான்னு நான் கேட்டேன். அதை அடைச்சுட்டு இங்க வெட்டினோம். இங்க வெச்சா வாத்தியார் வீட்டுக் கூடம் தெரியுதுன்னேன். அடைச்சுட்டு அங்க. பெயிண்ட்டும் அப்படித்தான், பச்சை அடிச்சோம், அவளுக்குப் பச்சை ஆகாதுன்னேன், நீலம் அடிச்சோம். போன வெல்டர் அந்த மூணாவது சன்னலோட காணாமப் போயிட்டாரு. போன் பண்ணா எடுக்கறதில்ல. வழியில என்னைப் பாத்தா அடுத்த தெருவுல திரும்பிடறாரு.

அலமாரியைப் பாத்தீங்களா, ரெண்டு வரிசை ஓட்டை இருக்கே? அதுவும் நான்தான். அவ கைக்கு எட்டற உயரத்துல பலகை வைக்கணும், அவ எவ்ளோ உயரம்னு கேட்டாரு. என் காது வரைக்கும் இருப்பான்னேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பாத்தாரு. சரின்னு பென்சிலால குறிச்சுக்கிட்டாரு. மொத்தப் பலகையும் மாட்டினதுக்கப்புறம், ஐயய்யோ, அவ என்னைவிட உயரமாச்சேன்னேன். மறுபடியும் கழட்டி மேல ஏத்தினாரு. என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க, பெத்தவளுக்கே பொண்ணு உயரம் மறந்துடுமான்னா? வயசாச்சுல்ல.

எனக்கு மட்டுமா, அவருக்கும்தான். கொஞ்ச நாளாவே மறதி. அந்தச் சூளை ரூம் கதவுக்குக் கீல் வாங்கப் போனாரு, சின்னதா வாங்கிட்டு வந்தாரு. மாத்தப் போனாரு, அதைவிடச் சின்னது. கண்ணாலேயே அளக்கற ஆளு, கையில டேப்பை வெச்சுக்கிட்டு தப்பா வாங்கறாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஒரு நாள் நான் குளிச்சுட்டு வர்றேன், இவர் போனை வெச்சுட்டு அந்த சோபாவுல உட்கார்ந்திருக்காரு. அவதான் பண்ணியிருக்கா. என்ன சொன்னான்னு கேட்டேன். அங்க நல்ல மழையாம்னாரு. அன்னிக்கு மத்தியானம்தான் முதல் கீலு. சரி, வயசு, என்ன செய்ய முடியும்னு நானும் கிண்டல் பண்ணி சமாளிச்சுக்கிட்டிருக்கேன்.

ஆமா, பாக்கி இந்தக் கூரை ஒண்ணுதான். நாலு கால் நிறுத்தி தகரம் போடணும். எத்தனை நாள் ஆகும்? ஒரு நாளா? இல்ல தம்பி, அவசரப்படாதீங்க, நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. நாலு கால் இருக்கு, மழை வர்ற மாதிரி இருக்கு. நாளைக்கு சாயங்காலம் முடிச்சுடுவீங்களா? வாத்தியார் சரியான ஆளைத்தான் புடிச்சிருக்காரு.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. டீ ஆறிடும், குடிங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், சார்கிட்ட போயிடக்கூடாது. பொண்ணு அந்தச் சக்கரத்தை வித்துட்டா.

ஆமா, அவகிட்ட இருந்த சக்கரம். இங்க வாசலுக்குப் படம் போட்டுக்கிட்டிருக்கறப்பவே வித்துட்டா. போன்ல சொன்னா, எல்லாம் விட்டுட்டேம்மா, நேரமும் இல்ல, ஆசையும் போயிடுச்சு, இப்ப காலையில நீச்சலுக்குப் போறேன்னு. வருத்தமா சொல்லியிருந்தாலாவது பேசி மனசை மாத்தலாம். சிரிச்சுக்கிட்டே சொல்றா. நான் கேட்டேன், அப்பா மேல கோவத்துல விட்டுட்டியான்னு. எதுக்கு கோவம்னா. அந்த வாளி மண்ணைக் கொட்டினாரேன்னேன். கொஞ்சம் யோசிச்சா. ஓ அதுவா, அதையெல்லாம் யாரும்மா ஞாபகம் வெச்சுக்கிட்டிருப்பாங்கன்னா. இங்க ஒரு மனுஷன் அந்த வாளியை மனசுல சுமந்துக்கிட்டு ரெண்டு கன்டெய்னரை வாங்கி இறக்கியிருக்காரு, மண்ணைப் பறிகொடுத்தவளுக்கு அது மறந்தே போச்சு. நான் சிரிக்கறதா அழறதா, சொல்லுங்க.

முதல் தப்புதான் நிஜமான தப்பு, அந்தக் கிரேன். மத்ததெல்லாம் நான் வேணும்னு பண்ணினது. சன்னலு, பெயிண்ட்டு, அலமாரி, உங்க தலையில இடிச்ச வாசல், எல்லாமே. முடிஞ்சதுன்னா போட்டோ எடுத்து அனுப்புவாரு. அவ பொய் சொல்லத் தெரியாதவ. ஐயோ அப்பா, நான்தான் விட்டுட்டேனேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவா. இவர் போனை எங்கிட்ட குடுத்துட்டு சோபாவுல போய் உட்காருவாரு. அப்புறம் எந்த போட்டோ சாஞ்சாலும் எழுந்திருக்க மாட்டாரு. எனக்கு பயமா இருக்கு தம்பி. ஊரே என்னைக் குறை சொல்ற பொம்பளைன்னு சொல்லட்டும், வாத்தியார் காதுல பஞ்சு வெச்சுக்கட்டும், எனக்கு அவர் அந்த மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டு எழுந்து நடமாடணும். அதனால நீங்க ஒரு தப்பு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பெருசா, தூக்கி நிறுத்தி சரி செய்ய வேண்டிய தப்பா. தொழில் தெரிஞ்ச ஆளு, உங்களுக்கா தெரியாது? என்ன யோசிக்கறீங்க, உங்க கூலி எங்கயும் போகாது.

கேட் சத்தம் கேக்குது. வந்துட்டாரு. நீங்க வாயைத் தொறக்காதீங்க, நானே சொல்லிக்கறேன்.

என்னங்க, இங்க வாங்க, வாத்தியார் அனுப்பின வெல்டர் வந்திருக்காரு. பாத்துட்டாரு, எல்லாம் பாத்துட்டாரு. ஒரு குறைதான் சொல்றாரு. டப்பா மட்டமா இல்லையாம். சரி, கன்டெய்னர். ஒரு பக்கமா இறங்கியிருக்காம், இப்படியே கூரை போட்டா தண்ணியெல்லாம் உள்ளதான் வருமாம். ரெண்டையும் கிரேன் வெச்சுத் தூக்கிட்டு அடியில புதுசா கட்டணுமாம். அவரை எதுக்கு முறைக்கறீங்க, நீங்களே குனிஞ்சு பாருங்களேன்.

என்ன? சாஞ்சிருக்கா?

இடது பக்கமா? ரொம்ப நாளாவே உங்களுக்கு சந்தேகமா இருந்துச்சா?

தம்பி, மெதுவா சொல்லுங்க, அவர் காதுல விழ வேணாம். இப்ப மட்டம் வெச்சுப் பாத்தீங்களே, குமிழி நடுவுலதானே நின்னுச்சு? ரெண்டுலயும்? கொஞ்சம்கூட அசையலையே? ம்ம். அன்னிக்கு அவ போன்ல மழையை மட்டும் சொல்லல போலிருக்கு, சக்கரத்தை வித்ததையும் இவர்கிட்ட சொல்லியிருக்கா. என் காது வரைக்கும்தான்னு நான் சொன்னப்ப நிமிர்ந்து பாத்தாரே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். வேலை முடிஞ்சுட்டா நான் தாங்க மாட்டேன்னு நினைச்சு, கடை கடையா போய் தப்பு தப்பா கீல் வாங்கியிருக்காரு இந்த மனுஷன்.

ஒண்ணுமில்லைங்க, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு கேட்டேன். கண்ணுல தூசு. இந்த டப்பாவுல என்னிக்குத் தூசு இல்ல? போல்ட்டு வாங்கிட்டீங்களா, குடுங்க பாக்கலாம். சின்னதா இருக்கேங்க. சரி விடுங்க, கூரைக்கு இப்ப என்ன அவசரம். ஆமாங்க, எனக்கும் இடது பக்கம்தான் சாஞ்ச மாதிரி தெரியுது. உட்காருங்க, மூணு பேருக்கும் டீ எடுத்துட்டு வர்றேன், கிரேன்காரரை எப்ப கூப்பிடறதுன்னு மெதுவா யோசிக்கலாம்.